பொறியாளர் எப்போது பொறுப்பாளர் ஆகிறார்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், ‘தொழில்துறையில் திட்ட மேலாளர்களைத் தேர்ந்தெடுத்தல், பயிற்றுவித்தல், வளர்த்தல்’ என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவனுக்கு நீளமாகப் பேசும் உரிமை கிடையாது. தலைப்பும் கொஞ்சம் வறண்ட தலைப்புதான். ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கும் பாதிப் பேருடைய பிழைப்பு இதில் அடங்கியிருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘புராஜெக்ட் மேனேஜர்’ என்றால் யார்? தொழிற்சாலையில் தினமும் நடக்கும் உற்பத்தி புராஜெக்ட் ஆகாது. நேற்று செய்ததையே இன்றும் செய்கிறோம், நாளையும் செய்வோம். புராஜெக்ட் என்பது ஒருமுறை மட்டும் செய்யும் வேலை. அதற்கு ஆரம்பம் உண்டு, முடிவு உண்டு, இவ்வளவுதான் பணம் என்ற வரம்பு உண்டு. அதில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் மேனேஜருக்குக் கீழே இருக்கமாட்டார்கள். எலெக்ட்ரிகல் ஆள் வேறு துறை, சிவில் ஆள் காண்ட்ராக்டர், மெஷின் நிறுத்த வருகிறவர் கம்பெனிக்காரர். யாருக்கும் சம்பளம் போடும் அதிகாரம் இல்லாமல், எல்லோரையும் ஒரே தேதிக்கு வேலை முடிக்க வைக்கவேண்டும். வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பிளம்பர் வருவதற்கு முன்னால் டைல்ஸ் ஒட்டிவிட்டால், ஒட்டிய டைல்ஸை உடைக்கவேண்டியதுதான். மேஸ்திரி, பிளம்பர், டைல்ஸ்காரர் மூன்று பேருமே நல்ல வேலைக்காரர்கள். ஆனால் மூன்று பேருக்கும் நடுவில் நிற்க ஓர் ஆள் இல்லை. அந்த ஆளைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நம் திருச்செங்கோட்டுப் பகுதியில் ரிக் உண்டு, லாரி பாடி கட்டும் பட்டறை உண்டு, விசைத்தறி, நூற்பாலை எல்லாம் உண்டு. எந்த முதலாளியிடம் பேசினாலும் ஒரு குறை சொல்வார்: “புது யூனிட் போடணும்னு ஆசைதானுங்க. ஆனா நம்பி ஒப்படைக்க ஆள் இல்லீங்க.” நம் மாணவர்களிடம் பேசினால் இன்னொரு குறை சொல்வார்கள்: “எங்க போனாலும் எக்ஸ்பீரியன்ஸ் கேக்கறாங்க சார். அதை யார் குடுப்பாங்க?” இரண்டும் தனித்தனிக் குறைகள் அல்ல, ஒரே குறைதான். முதலாளி ஒப்படைக்காததால் பையனுக்கு அனுபவம் வருவதில்லை. பையனுக்கு அனுபவம் இல்லாததால் முதலாளி ஒப்படைப்பதில்லை. இந்த முடிச்சை எங்கே அவிழ்ப்பது என்பதே என் கேள்வி.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

பெரும்பாலான நிறுவனங்களில் நடப்பது இதுதான். நன்றாக வேலை தெரிந்த பொறியாளரைப் பிடித்து, “நீங்கதான் இனிமேல் புராஜெக்ட் மேனேஜர்” என்று சொல்லிவிடுகிறார்கள். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் பைப்பிங் வேலையில் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தார். வரைபடத்தைப் பார்த்தாலே எங்கே வெல்டிங் இடிக்கும் என்று சொல்லிவிடுவார். விரிவாக்கப் பணி முழுவதையும் அவரிடம் கொடுத்தார்கள். அவர் என்ன செய்தார்? தனக்குத் தெரிந்த வேலையையே இன்னும் கடுமையாகச் செய்தார். ஒவ்வொரு வரைபடத்தையும் தானே திருத்தினார். வால்வு வரவில்லை, சிவில் காண்ட்ராக்டர் ஆட்களைக் குறைத்துவிட்டார் என்பதெல்லாம் அவர் மேசைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டது. வாராந்திர அறிக்கையில் மட்டும் ‘90 சதவீதம் முடிந்தது’ என்று வாரா வாரம் எழுதப்பட்டது. நம் நாட்டில் முழுதாக முடிந்த வேலைகளைவிட 90 சதவீதம் முடிந்த வேலைகள்தான் அதிகம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கடைசியில் வேலை 7 மாதம் தள்ளிப்போனது. அவர் மனம் நொந்து வேலையை விட்டார். நிறுவனம் நல்ல பைப்பிங் பொறியாளரையும் இழந்தது, புராஜெக்டையும் இழந்தது. அவர்மேல் தப்பில்லை. தேர்ந்தெடுத்த முறையில்தான் தப்பு.

அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? இதற்குப் பதில் தேடி வெளிநாட்டுப் புத்தகம் புரட்டவேண்டியதில்லை. நம் ஊர் ரிக் தொழிலைப் பார்த்தாலே போதும்.

இங்கிருந்து கிளம்பும் ரிக் வண்டியும் அதன் சப்போர்ட் லாரியும் ஆந்திரா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போய் மாதக் கணக்கில் அங்கேயே நிற்கின்றன. ஆப்பிரிக்காவரை போன வண்டிகளும் உண்டு. முதலாளி திருச்செங்கோட்டில் இருப்பார். அங்கே எல்லாம் மேனேஜர்தான். மொழி தெரியாத ஊரில் ஏஜென்டிடம் பேசி அடிக்கு இவ்வளவு என்று ரேட் முடிக்கவேண்டும், டீசல் போடவேண்டும், ஆட்களுக்குச் சோறு பொங்க ஏற்பாடு செய்யவேண்டும், வரவேண்டிய பாக்கியை வசூல் பண்ணவேண்டும். மேல்மண் சரிந்தால் கேசிங் பைப்பை இன்னும் எவ்வளவு ஆழம் இறக்குவது, ஹேமர் மாட்டிக்கொண்டால் எடுக்க எவ்வளவு நேரம் போராடுவது, எப்போது கைவிடுவது என்பதையெல்லாம் நடுராத்திரியில் அவர்தான் முடிவு செய்யவேண்டும். ஒவ்வொரு போரும் ஒரு சின்ன புராஜெக்ட். பாறை எப்படி இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. செலவு கையை மீறலாம். இந்த மேனேஜர்களில் பலர் ராடு தூக்கும் ஹெல்பராக வந்து, டிரில்லராகி, பிறகு மேனேஜரானவர்கள். சிலர் பின்னால் பங்குதாரர்களும் ஆகியிருக்கிறார்கள்.

எப்படி ஆளைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று ஒரு ரிக் உரிமையாளரிடம் கேட்டேன். அவர் மூன்றே விஷயம் சொன்னார். “ஹேமர் மாட்டிருச்சுன்னா எனக்கு எப்ப போன் வருதுன்னு பாப்பேனுங்க தம்பி. அன்னிக்கே வந்தா நல்ல ஆளு. நாலு நாள் கழிச்சு வந்தா வேண்டாம். ரெண்டாவது, ராத்திரி படுக்கறதுக்குள்ள கணக்கு எழுதறானான்னு பாப்பேன். மூணாவது, பொங்கலுக்கு ஊருக்கு வந்த பசங்க திரும்ப அதே வண்டிக்குப் போறாங்களான்னு பாப்பேன்.”

யோசித்துப் பாருங்கள். கெட்ட செய்தியை நேரத்தோடு சொல்லும் நேர்மை, காலத்தையும் காசையும் அன்றன்றைக்கு எழுதி வைக்கும் ஒழுங்கு, ஆட்கள் தானாகத் திரும்பி வரும்படி நடந்துகொள்ளும் குணம். இந்த மூன்றில் ஒன்றையாவது நம் நேர்முகத் தேர்வுகளில் கேட்கிறோமா? மார்க் கேட்கிறோம், சாஃப்ட்வேர் தெரியுமா என்று கேட்கிறோம். அதற்குப் பதிலாக, “கடைசியாக உங்கள் கையில் இருந்த எந்த வேலை தள்ளிப்போனது? தள்ளிப்போகும் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? அதை யாரிடம், எத்தனை நாள் கழித்துச் சொன்னீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பதினைந்து நிமிடத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ரிக் தொழிலில் எல்லாமே சரி என்று நான் சொல்ல வரவில்லை. உடம்பை வாட்டும் வேலை அது. தூசி, இரைச்சல், தூக்கமின்மை எல்லாம் உண்டு. முறையான பாதுகாப்புப் பயிற்சி இல்லாமலே பலர் வேலை பழகுகிறார்கள். ஆனால் ஆளைப் பார்த்து, சின்ன வேலை கொடுத்து, தேறியபின் பெரிய வேலை கொடுப்பது என்ற வரிசையை அவர்கள் விடவில்லை. திருவள்ளுவரும் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என்று 51-ஆவது அதிகாரத்தையும், ‘தெரிந்து வினையாடல்’ என்று 52-ஆவது அதிகாரத்தையும் தனித்தனியாக வைத்தார். ஆளை அறிந்து தெளிவது ஒரு வேலை, அறிந்தபின் செயலில் அமர்த்துவது இன்னொரு வேலை. நாம் முதலாவதை அவசரமாகச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்யாமலே விட்டுவிடுகிறோம்.

எப்படிப் பழக்குவது?

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். வகுப்பறைப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தில் ‘கிரிட்டிகல் பாத்’ முறையும், அந்நாட்டுக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் ‘பெர்ட்’ முறையும் உருவாயின. எந்த வேலை ஒருநாள் தள்ளினால் மொத்த வேலையும் ஒருநாள் தள்ளும் என்று அவை கணக்குப் போட்டுக் காட்டும். இதைத் தெரியாமல் இன்று பெரிய வேலை நடத்த முடியாது. லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் புராஜெக்ட் மேனேஜ்மென்டுக்கென்றே வடோதராவில் ஒரு பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. பி.எம்.பி. சான்றிதழைப் பற்றி மாணவர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான்காண்டுப் பட்டம் பெற்றவரும் திட்டங்களை நடத்திய 3 ஆண்டு அனுபவத்தைக் காட்டினால்தான் அந்தத் தேர்வையே எழுத முடியும். சான்றிதழ் கொடுக்கிறவர்களே அனுபவத்தை முன்னால் வைத்திருக்கிறார்கள். நாம்தான் சான்றிதழை முன்னால் வைக்கிறோம்.

பாம்பன் பாலத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலில் விழுந்தன. பாலத்தைச் சீரமைக்க ரயில்வே 6 மாதம் கெடு வைத்தது. தென்னக ரயில்வேயின் பொது மேலாளர் அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பு ஈ. ஸ்ரீதரனிடம் வந்தபோது அவருக்கு வயது 32. கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்துத் தூக்கி நிறுத்தி, 46 நாட்களில் வேலையை முடித்தார். பின்னால் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று அவர் செய்ததெல்லாம் நாடறிந்த செய்தி.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் 46 நாட்களோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்கு முந்தைய 10 ஆண்டுகள்தான் முக்கியம். 1954-இல் தென்னக ரயில்வேயில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தவர் அவர். புயல் வருவதற்கு முன்பே பல ஊர்களில் பல வேலைகள் அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்தன. அதனால்தான் புயல் வந்த அன்று கூப்பிட ஓர் ஆள் இருந்தார். புயல் வந்தபின் ஆள் தேட ஆரம்பித்திருந்தால் 6 மாதமும் போதாது.

நம் தொழிற்சாலைகளில் இதை எப்படிச் செய்வது? ஓர் உதாரணம் சொல்கிறேன். நூற்பாலையில் புதிதாக ஓர் ஆட்டோகோனர் மெஷின் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையை லெவல் பார்க்கவேண்டும். கம்ப்ரஸ்டு ஏர் லைன் இழுக்கவேண்டும், பேனலிலிருந்து கேபிள் வரவேண்டும். பெட்டிகளை இறக்க கிரேன் வேண்டும். மெஷின் கம்பெனியின் எரெக்டர் வரும் தேதிக்குள் இவை எல்லாம் முடிந்திருக்கவேண்டும். ஏர் லைன் இரண்டு நாள் தாமதமானால் எரெக்டர் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருப்பார். மொத்தம் 40, 50 நாள் வேலை. இதைச் சேர்ந்து இரண்டு வருடமான ஓர் இளம் பொறியாளரிடம் முழுதாகக் கொடுங்கள். ‘முழுதாக’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். பர்ச்சேஸும் பணமும் உங்களிடம், ஓடுவது மட்டும் அவர் என்றால் அது புராஜெக்ட் ஆகாது, எடுபிடி வேலை. கொட்டேஷன் வாங்குவது, தேதி குறிப்பது, காண்ட்ராக்டரோடு பேசுவது, பில் முடிப்பது எல்லாம் அவர் கையில் இருக்கட்டும்.

கூடவே மூன்று தாள்கள் கேளுங்கள். தொடங்குவதற்கு முன் ஒரு பக்கத்தில் திட்டம்: எத்தனை நாள், எவ்வளவு செலவு, எங்கே சிக்கல் வரலாம். வாரம் ஒருமுறை ஒரு தாள்: எது முடிந்தது, எது முடியவில்லை. சதவீதக் கணக்கே வேண்டாம், முடிந்தது அல்லது முடியவில்லை என்று மட்டும் எழுதட்டும். முடிந்தபின் ஒரு தாள்: நினைத்தது என்ன, நடந்தது என்ன. வேறு துறையைச் சேர்ந்த மூத்தவர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் அவரோடு உட்காரட்டும். அந்த மூத்தவர் கேள்விதான் கேட்கவேண்டும், பதில் சொல்லித் தரக்கூடாது. இது தேறினால் அடுத்து மூன்று மாத வேலை, இரண்டு காண்ட்ராக்டர்கள். அதுவும் தேறினால் பெரிய திட்டத்தில் ஒரு பகுதி. நாலைந்து ஆண்டுகளில் உங்களுக்கு ஒப்படைக்க ஓர் ஆள் கிடைத்துவிடுவார்.

பயிற்சியில் நாம் அதிகம் விட்டுவிடும் பாடம் வேலையை மூடுவது. நம் ஊர்த் தொழிலோடு சம்பந்தப்பட்டது என்பதால் இதைக் கனத்த மனதோடு சொல்கிறேன். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நாட்கணக்கில் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. கைவிட்ட போர்களை எப்படி மூடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிமுறைகள் சொல்லியிருந்தது. குற்றம் யார்மேல் என்று பேச நான் வரவில்லை. ஒரு புராஜெக்ட் எப்போது முடிகிறது என்பதே நான் கேட்பது. தண்ணீர் வந்ததும் முடிந்துவிடுகிறதா? தண்ணீர் வரவில்லை, பில் வாங்கியாயிற்று, வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்பியாயிற்று என்றால் முடிந்துவிடுகிறதா? குழியை மூடியபிறகுதான் முடிகிறது. தொழிற்சாலையிலும் அப்படித்தான். மூடாத கேபிள் டிரெஞ்சும், கழற்றாத தற்காலிக வயர் இணைப்பும், கைப்பிடி போடாத பிளாட்ஃபாரமும் ‘வேலை முடிஞ்சிருச்சு’ என்று சொன்ன பிறகுதான் ஆளைக் கொல்கின்றன. ஆகவே முதல் சின்ன வேலையிலேயே மூடுவதையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.

எப்படி வளர்ப்பது?

மூன்றாவது பகுதிதான் மிகக் கடினம். தேர்ந்தெடுத்தோம், பழக்கினோம், ஒருநாள் அவர் தோற்றுவிடுகிறார். அப்போது மேலே இருப்பவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அந்த நிறுவனத்தில் அடுத்த புராஜெக்ட் மேனேஜர் உருவாவார் அல்லது உருவாகமாட்டார்.

1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் பயணம். திட்ட இயக்குநர் நம் ராமேசுவரத்து அப்துல் கலாம். ஏவுவதற்குச் சற்று முன் கணினி நிறுத்தச் சொன்னது. வல்லுநர்கள் சரிபார்த்து ஏவலாம் என்றார்கள். ஏவ முடிவெடுத்தவர் கலாம். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன் வந்து உட்கார்ந்தவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். பொறுப்பைத் தான் ஏற்றுக்கொண்டார், தன் குழுவின்மேல் நம்பிக்கை இருப்பதாகச் சொன்னார். 1980 ஜூலை 18-இல் அடுத்த பயணம் வெற்றி பெற்று, ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் நின்றது. அன்று பத்திரிகையாளர்களைச் சந்திக்கத் தவான் கலாமை அனுப்பினார். இதைக் கலாம் அவர்களே மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது பெருந்தன்மை மட்டுமல்ல. தோற்ற அன்று தவான் கலாமை மாற்றியிருந்தால், ஏன் தோற்றது என்று அதிகம் தெரிந்த ஆளை இழந்திருப்பார். அதோடு போகாது. அந்த நாளிலிருந்து அங்கே யாரும் கெட்ட செய்தியை மேலே சொல்லமாட்டார்கள். திட்டுவதற்காக மட்டும் மீட்டிங் போடும் நிறுவனங்களில் ஏன் எல்லா அறிக்கையும் 90 சதவீதத்தில் நிற்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.

அந்தப் பழக்கம் தொடர்ந்தது. 2019-இல் சந்திரயான்-2-இன் திட்ட இயக்குநர் எம். வனிதா. லேண்டர் நிலவில் மெதுவாக இறங்கமுடியாமல் போனது. என்ன பிழை என்று அலசி, திருத்தி, 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல், டிப்ளமோவில் தொடங்கிப் படித்து வந்தவர். அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் கல்பனா என்ற பெண் பொறியாளர். நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நிலவின் மண்ணைப்போல ஒரு மண் தயாரித்துச் சோதனை செய்யத் தேவைப்பட்ட அனார்த்தோசைட் பாறை, நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியிலிருந்து போனது. கல்லை அனுப்பிய மாவட்டம் ஆளையும் அனுப்பவேண்டாமா? இன்னும் ஒன்று. நம் பகுதித் தொழிற்சாலைகள் பலவற்றில் பெண் பொறியாளர்களை டிசைன் மேசையோடும் தர ஆய்வுக் கூடத்தோடும் நிறுத்திவிடுகிறோம். நிலவுக்கு வண்டி அனுப்பும் வேலையையே ஒரு பெண்ணிடம் ஒப்படைக்க முடியுமென்றால், மில்லில் மெஷின் நிறுத்தும் வேலையை ஒப்படைக்க என்ன தயக்கம்?

முடிக்கும் முன் சில வேண்டுகோள்கள்.

தொழில் நடத்தும் முன்னாள் மாணவர்களுக்கு: ஆண்டுக்கு ஒரு சின்ன வேலை, ஒரே ஒரு வேலை, முழுதாக ஓர் இளம் பொறியாளர் கையில் கொடுங்கள். கொஞ்சம் நஷ்டம் வரலாம். நீங்களே எல்லா சைட்டிலும் நின்றுகொண்டிருப்பதால் போடாமல் விட்ட புது யூனிட்டின் நஷ்டத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெரிய நிறுவனங்களில் இருக்கும் நண்பர்களுக்கு: ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒப்படைத்த வேலையில் நிற்கும் தம்பியிடம், தங்கையிடம் உட்கார்ந்து கேள்வி கேட்கும் அந்த மூத்தவராக இருங்கள்.

கல்லூரிக்கு: இறுதியாண்டு புராஜெக்டில் நான்கு பேர் பெயர் இருக்கும், ஒருவர் வேலை செய்வார் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். குறித்த தேதி எது, முடித்த தேதி எது, ஏன் வித்தியாசம் என்று எழுதும் ஒரு பக்கத்துக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். தாமதமானதற்காக மார்க் குறைக்கவேண்டாம். மறைத்தால் குறையுங்கள்.

மாணவர்களுக்கு: யாராவது வந்து பதவி கொடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிம்போசியம் நடத்துகிறீர்கள், கல்லூரி விழா நடத்துகிறீர்கள். ஒன்றைப் பொறுப்பெடுத்து, திட்டத்தாள் எழுதி, பந்தல்காரர் பாக்கிவரை தீர்த்து, கணக்கை முடித்து ஒப்படையுங்கள். “அனுபவம் உண்டா?” என்று கேட்கும்போது அந்த மூன்று தாள்களை எடுத்து வையுங்கள். முழுதாக முடித்த ஒரு சின்ன வேலையைப் பற்றித் தெளிவாகப் பேசுகிற பையனையோ பெண்ணையோ திருப்பி அனுப்ப எந்த நல்ல முதலாளிக்கும் மனம் வராது.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. இதையாவது குறித்த நேரத்தில் முடித்தான் என்ற பெயர் எனக்குக் கிடைக்கட்டும்.